கடைசி வண்டி ஐந்தரைக்கு!

ஸ்விட்ஸர்லாந்துக்குப் போகிற நம்மவர்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யுங்ஃபிராவ்யோஹ் வரை ரயிலில் போவார்கள். பனியைக் கைநிறைய அள்ளி வீசிப் படம் பிடித்துக்கொள்வார்கள். அன்று மாலையே இன்டர்லாக்கன் கடைவீதியில் சாக்லேட் வாங்கிக்கொண்டிருப்பார்கள். வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் ஒரு நாள் கையிலிருந்து, காலில் தெம்பும் இருந்தால், ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் மூன்றையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே நடக்க ஒரு பாதை இருக்கிறது. அதற்கு உங்களை இப்போது கிளப்பப் போகிறேன்.

ஷீனிகெ பிளாட்டெ என்னும் இடத்தில் தொடங்கி, கிரிண்டல்வால்ட் பள்ளத்தாக்குக்கு மேலே முகட்டோடு முகடாகப் போய், ஃபிர்ஸ்ட் என்னும் இடத்தில் முடிகிறது. தூரம் சுமார் 16 கிலோ மீட்டர். "பத்து மைல்தானே!" என்று அலட்சியம் வேண்டாம். புறப்படும் இடமே 1,967 மீட்டர் உயரம். நடுவிலுள்ள ஃபவுல்ஹார்ன் சிகரம் 2,681 மீட்டர். இடையில் இறங்கி ஏறுவது தனி. அங்கே மஞ்சள் பலகைகளில் நடை நேரம் எழுதி வைப்பார்கள். இந்தப் பாதைக்கு மொத்தம் ஏறக்குறைய ஆறு மணி. அதில் நீங்கள் உட்காரும் நேரம், காப்பி குடிக்கும் நேரம், படம் பிடிக்கும் நேரம் ஒன்றுமே சேராது! மலை நடை பழகாத நமக்கு ஏழு மணி என்று கணக்கு வைத்துக்கொள்வதே உசிதம்.

போன வழியே திரும்புகிற நடையானால் களைத்த இடத்தில் திரும்பிவிடலாம். இது ஒரு ரயிலில் ஏறி இன்னொரு கேபிள் காரில் இறங்குகிற நடை. ஆகையால் திட்டத்தை வாலிலிருந்து தலைக்குப் போட வேண்டும். ஃபிர்ஸ்டிலிருந்து கீழே வரும் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு? இது பருவத்துக்குப் பருவம் மாறும். முதல் நாளே விசாரித்துவிடுங்கள். ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நடை ஏழு, ஓய்வு ஒன்றரை. அப்படியானால் மேலே காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்கியாக வேண்டும். ரயில் ஏற 52 நிமிஷம் ஆகிறது. கீழே வில்டர்ஸ்வில் ஸ்டேஷனில் ஏழரைக்கெல்லாம் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆகிறதல்லவா? ஒன்பது மணி வண்டியில் சாவகாசமாகப் போகிறவர்கள்தாம் மாலையில் ஓடுகிறார்கள். கேபிள் கார் தவறினால் 1,034 மீட்டரில் இருக்கும் கிரிண்டல்வால்ட் வரை, 1,100 மீட்டருக்கும் அதிகமான இறக்கத்தை, ஏற்கெனவே தளர்ந்த முழங்கால்களோடு இறங்க வேண்டும்.

அந்த ரயில் 1893-இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில். உட்கார்ந்ததும் ஊட்டி ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை. நம் நீலகிரி ரயிலை இழுத்த நீராவி எஞ்சின்களில் பல ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவைதாம்.

முதல் மூன்று மணி நடை, மென்ட்லெனென் என்ற கணவாய் வரை. இடது கைப் பக்கம் பிரியன்ஸ் ஏரி; வலது பக்கம் பனிமலைகள். எதைப் பார்ப்பது என்று திகைத்துக் காலடியைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்! சுண்ணாம்புப் பாறை, மழை பெய்தால் எண்ணெய் தடவினாற்போல் வழுக்கும். வழியில் தண்ணீரை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமக்க வேண்டும். ஜூனில் போகவே வேண்டாம், நிழல் சரிவுகளில் பழைய பனி கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

மென்ட்லெனெனில் ஒரு சிறு விடுதி உண்டு. உங்கள் தீர்மானம் அங்கேதான். பகல் ஒரு மணிக்குள் அங்கே சேரவில்லையென்றாலோ, மேகம் காலிஃபிளவர் மாதிரி திரண்டு எழுந்தாலோ, வந்த வழியே ஷீனிகெ பிளாட்டெக்குத் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து கீழே வரும் கடைசி ரயிலின் நேரத்தையும் காலையிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். கோடைப் பிற்பகலில் முகட்டின் மேல் இடி இடிப்பது விளையாட்டல்ல. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வீட்டுக்காரர் இழுப்பார். நீங்கள் கடிகாரத்தைக் காட்டுங்கள். ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414.

உடை விஷயம். புடவை வேண்டாம்; சல்வாரோ பேன்ட்டோ போட்டுக்கொண்டு, கணுக்காலைப் பிடிக்கிற, முன்பே பழகின பூட்ஸ் அணியுங்கள். கீழே வெயில் காய்ந்தாலும் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும். எதிரே கறுத்து நிற்கும் அந்த ஐகர் மேல் 1864-இல் லூஸி வாக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணி நீண்ட பாவாடையோடு ஏறினார். வழிச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஸ்பாஞ்சு கேக்கும் ஷாம்பேனும் என்று சொல்வார்கள். நமக்குப் புளியோதரை போதும். அடுப்புள்ள ஜாகையாக எடுத்தால் விடியற்காலையில் கிளறிவிடலாம்.

ஃபவுல்ஹார்ன் என்றால் உளுத்த கொம்பு என்று அர்த்தம், அதன் பாறை அப்படிப் பொடிகிறது. உச்சியில் 1830-களிலிருந்து ஒரு ஹோட்டல். அங்கே ஏறிவிட்டால் பாக்கி எல்லாம் இறக்கம். பாக்ஆல்ப் ஏரிக்கரையில் ஷ்ரெக்ஹார்ன் சிகரம் தண்ணீரில் தலைகீழாய்த் தெரியும், காற்று அடங்கியிருந்தால்.

மாமியாரையும் குழந்தைகளையும் எங்கே விடுவது என்கிறீர்களா? அவர்கள் கிரிண்டல்வால்டிலிருந்து கேபிள் காரில் ஃபிர்ஸ்ட் வந்து, அகலமான நல்ல பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் அதே ஏரிக்கரைதான். நான்கு மணிக்கு அங்கே சந்திப்பதாகச் சொல்லிவையுங்கள். அவர்களும் பனிமலை பார்த்தாற்போலாகும், உங்களுக்கும் ஃபிளாஸ்கில் சூடான காப்பி வந்து சேரும்.

வாடகைக் கார் வைத்திருந்தால் வில்டர்ஸ்வில்லிலேயே நிறுத்திவிட்டுப் போகலாம். மாலையில் கிரிண்டல்வால்டிலிருந்து இன்டர்லாக்கன் போகும் ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும். இறங்க மறந்துவிடாதீர்கள், அந்த நேரத்தில் எல்லோருக்கும் தூக்கம் வரும்.