கொலிங்வூட் பிளேஸும் ஒரு மாலுபாணும்

ஒக்டோபர் 17

மழை விட்டபாடில்லை. பின்னேரம் கொஞ்சம் வெளித்ததும் குடையோடு இறங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு தொற்றிக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம், வீதிப் பெயர்ப்பலகை வாசிப்பது. காலி வீதியில் அண்ணாந்து நிற்கும் கிழவனைப் பார்த்து ஓட்டோ ஒன்று நின்றது. "எங்க போகோணும் ஐயா?" "எங்கயும் இல்லைத் தம்பி, பேர் பார்க்கிறன்." அவர் நம்பவில்லை. கொஞ்சத் தூரம் மெதுவாக என் பின்னாலேயே வந்தார்.

வெள்ளவத்தையில் நெல்சன் பிளேஸ் உண்டு, கொலிங்வூட் பிளேஸ் உண்டு, அரதூசா லேனும் உண்டு. மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு கடற்படையே வந்து நிற்கும். அரதூசா, 1778இல் பிரெஞ்சுக் கப்பல் பெல் பூலோடு மோதிப் பேர் வாங்கிய போர்க்கப்பல். இன்று அந்த ஒழுங்கைகளில் டியூஷன் வகுப்பும் மாடிக் குடியிருப்பும் கலியாணத் தரகரும்.

ஒக்டோபர் 19

மானிங் பிளேஸ் பக்கம் போக நேர்ந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு 1918 முதல் 1925 வரை ஆளுநராயிருந்த வில்லியம் மானிங்தான் நினைவுக்கு வருவார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்கு காற்றோடு போனதும், 1921இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறினார். மானிங்கின் காலத்தில் நடந்த பிளவு அது. ஓர் ஆசனத்துக்காக! இன்று அந்த ஒழுங்கையில் கதவு தட்டினால் திறப்பவர்களில் பாதிப் பேர் மேல் மாகாணத் தமிழர்.

ஒக்டோபர் 20

அலுமாரியைத் துடைத்து, லாச்சியை இழுத்து, கதிரையில் இருந்து பழைய கடிதங்களைப் பிரித்தேன். இந்த ஒரு வேலைக்குள் போர்த்துக்கேயனும் ஒல்லாந்தனும் வந்துவிட்டார்கள்: அலுமாரியும் கதிரையும் முன்னவன் தந்தவை, லாச்சி பின்னவன் தந்தது. அப்பா வேலைக்குப் போனதும் 'கந்தோரு'க்கு. அதுவும் ஒல்லாந்துச் சொல். 1796 முதல் 1948 வரை இருந்த ஆங்கிலேயன் எங்கள் வீட்டுத் தளபாடத்துக்குப் பேர் வைக்கவில்லை. கோச்சியைத் தந்தான்.

கோச்சி என்றதும் ஒன்று. இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27 அன்று அம்பேபுசவுக்கு ஓடியது. அதில் பயணம் செய்த விருந்தாளி பெல்ஜிய இளவரசர், பிரபாண்ட் கோமகன். அடுத்த வருடமே இரண்டாம் லியோபோல்ட் மன்னராகி, பிறகு கொங்கோவைத் தன் சொந்தத் தோட்டம்போல் உறிஞ்சியவர். ஜன்னலோரத்தில் இருந்து எங்கள் வயல்களைப் பார்த்தபோது என்ன கணக்குப் போட்டாரோ.

ஒக்டோபர் 21

இன்று டிரபல்கர் நாள். வெள்ளவத்தையில் ஒருவருக்கும் தெரியாது. நான் மட்டும் கொண்டாடினேன். கடையில் ஒரு மாலுபாணும் பிளேன்டீயும் வாங்கி, கொலிங்வூட் பிளேஸ் வாசலில் நின்றபடி சாப்பிட்டேன்.

1805இல் 27 பிரித்தானியக் கப்பல்கள் 33 எதிரிக் கப்பல்களோடு மோதின. நெல்சன் சுடப்பட்டு இறக்க, தலைமை கொலிங்வூட்டின் கைக்கு வந்தது. நெல்சனுக்குத் தூண், சிலை, சதுக்கம் எல்லாம் கிடைத்தன. பையனாக இருந்தபோது சீஹார்ஸ் என்ற கப்பலில் எங்கள் பக்கத்துக் கடல்களுக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து, 1776இல் ஊருக்கு அனுப்பப்பட்டவர்தான் அவர். எனக்குப் பிடித்தவர் மற்றவர். ஊரில் நடக்கும்போது கொலிங்வூட் சட்டைப்பை நிறைய ஓக் விதைகளைக் கொண்டுபோய், நல்ல இடம் கண்டால் மண்ணில் புதைப்பாராம், நாளைய கப்பல்களுக்கு மரம் வேண்டுமே என்று. டிரபல்கருக்குப் பிறகு அவருக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. 1810இல் கடலிலேயே செத்தார். அந்த மரங்கள் முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன.

மாலுபாணில் மீன் குறைவு, உருளைக்கிழங்கு அதிகம். முறைப்படி கண்டிக்கத் தக்கது.

ஒக்டோபர் 23

கொட்டாஞ்சேனை. தீபதுத்தாராமய விகாரையையும் சென் லூசியாஸ் தேவாலயத்தையும் ஒரே நடையில் பார்த்தேன். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம், தேவாலயமணி, கல், தடி, கலவரம் மூண்டது. உயிர்த்த ஞாயிறு என்றால் பக்கத்துக் கொச்சிக்கடைக்காரர்களுக்கு 2019 குண்டுவெடிப்புக்குப் பிறகு வேறு ஞாபகம் வரும். அதைப் பற்றி எழுத இன்று கை வரவில்லை.

1883இன் நீதி கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் கேணல் ஒல்கொட்டை அழைத்தார்கள். அவரும் சென்னை அடையாற்றில் இருந்து வந்து, 1884இல் லண்டன் போய்க் குடியேற்ற நாட்டு அமைச்சின் கதவைத் தட்டினார். 1885இல் வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாயிற்று. அந்த வருட வெசாக்கில், ஏப்ரல் 28 அன்று, இதே விகாரையில் பௌத்தக் கொடி ஏறியது. வருடா வருடம் கந்தோர் பூட்டிக் கிடக்கும் அந்த நாளை, ஒரு தெருச்சண்டையின் மிச்சம் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. நானும்தான் எத்தனை வருடம் அந்த நாளில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பிறகு ஜிந்துப்பிட்டிப் பக்கம் நடந்து சென் தோமஸ் தேவாலயம். ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று எழும்பியது. அங்கே ஊழியம் செய்தவர் கிறிஸ்தியன் தாவீது, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த தஞ்சாவூர்ச் சீமைத் தமிழர். 1824இல் கல்கத்தாவில் ஹீபர் ஆயர் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார். ஹீபரோ இரண்டு வருடத்தில் திருச்சிராப்பள்ளியில், குளிக்கப்போன இடத்தில் இறந்தார். தஞ்சாவூர், கொழும்பு, கல்கத்தா, திருச்சி: பாஸ்போட் இல்லாத காலத்துத் தமிழ்ப் பாதை.

ஒக்டோபர் 25

அதே ஓட்டோக்காரர். "ஐயா, இண்டைக்குப் பேர் பார்க்கேல்லையோ?" ஏறிக்கொண்டேன். அவர் கொட்டாஞ்சேனை ஆளாம். "அப்ப ஒரு பேரைச் சொல்லுங்கோ பார்ப்பம். ப்ளூமெண்டால் எண்டா என்ன?"

"ஒல்லாந்துப் பேர், தம்பி. பூப் பள்ளத்தாக்கு."

ப்ளூமெண்டால் குப்பைமேட்டின் நாற்றத்தில் வளர்ந்தவர் அவர். பம்பலப்பிட்டிச் சந்தி வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போதுதான் கண்டேன், மீற்றர் போடவே மறந்துவிட்டார்.