பெல்ட்டைக் கழற்றிய பிறகு

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஏன் இத்தனை தாமதம் என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட இங்கே ஒருமுறை எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. சற்று நீண்ட பதிவு. காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு காரின் கடகட ஓசை.

சுழலும் எந்திரங்கள் எழுப்பும் ஓசையையும் அதிர்வையும் கொண்டு அவற்றின் பழுதைக் கண்டறிவது என் ஆய்வுப் பொருள். நான் எடுத்துக்கொண்ட எந்திரம் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். எஞ்சின் தானாக உறிஞ்சக்கூடியதைவிடக் கூடுதலான காற்றை அதனுள் திணித்து ஆற்றலைப் பெருக்கும் கருவி அது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. காருக்கு வருமுன்பே உலைகளுக்குக் காற்றூதப் பயன்பட்டது. உள்ளே இரண்டு ரோட்டார்கள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழல்கின்றன. தொடாமல் காப்பவை, முனையில் உள்ள இரு பற்சக்கரங்கள்.

இந்தக் கருவி நல்ல நிலையிலும் ஓசையிடும். ரோட்டார்களின் மடல்களுக்கிடையே சிக்கிய காற்று உள்ளே அழுத்தப்படுவதில்லை. வெளியேறும் வாயில் திறக்கும் கணத்தில், அங்கே ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து மோதுகிறது. மூன்று மடல் கொண்ட இரு ரோட்டார்கள் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு மோதல்கள். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் அது 1,200 ஹெர்ட்ஸ் ஊளையாகக் கேட்கும். கார்ப் பித்தர்கள் காசு கொடுத்து வாங்கும் ஓசை இது. ஆகவே இங்கே ஓசை இருக்கிறதா என்பதன்று கேள்வி. கேட்கும் ஓசைகளுள் எது எந்திரத்துக்கு உரியது, எது பழுதுக்கு உரியது என்பதே.

இதற்காக ஆய்வகத்தில் ஒரு சோதனை மேடை அமைத்தோம். மின்மோட்டார் ஒன்று சூப்பர்சார்ஜரைச் சுழற்றும். பேரிங்கில் வேண்டுமென்றே கீறல் இட்டோம், பற்சக்கரங்களைத் தேய்த்தோம், எண்ணெயைக் குறைத்தோம். முடுக்கமானிகள் வழியே பதினான்கு மாதங்கள் தரவு சேர்த்தோம். அதைக் கொண்டு பயிற்றுவித்த கணினி மாதிரி, ஆய்வகச் சோதனைகளில் ஏறக்குறையப் பிழையே செய்யவில்லை. ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரையும் அனுப்பியாயிற்று.

அந்நேரத்தில்தான் புனேயில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எங்கள் துறைக்கு வந்தார். இருபது வயதான, சூப்பர்சார்ஜர் பொருத்திய ஜெர்மன் இரட்டை இருக்கைக் கார் ஒன்றை வைத்திருக்கிறார். ஐடிலிங்கில் முன்புறத்திலிருந்து ஒரு கடகடப்பு, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. எனக்கோ இது தேடிவந்த வாய்ப்பு. கருவிகளை எடுத்துச் சென்று பதிந்தேன். மாதிரி 93 விழுக்காடு உறுதியுடன் “முன் பேரிங் பழுது” என்றது. நிறமாலையிலும் விநாடிக்கு ஏறத்தாழ 26 என்ற கணக்கில் மோதல்கள் தெரிந்தன. ரோட்டாரின் சுழற்சி வேகமும் அதுவே. ஐயத்துக்கு இடமில்லை என்று இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். முழு அலகையே வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அவர் விசாரித்தார். செலவு சில லட்சங்கள்.

நல்லவேளையாக, பணம் கட்டுமுன் வழக்கமான பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தார். என்னையும் அழைத்துச் சென்றார். அறுபது வயது மதிக்கத்தக்க அந்த மெக்கானிக்கை எல்லோரும் உஸ்தாத் என்றார்கள். அறிக்கையை அவர் மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரை இந்தியும் அரை மராத்தியுமாக என்னிடம் கேட்டார்: “சத்தம் எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், பேட்டா. எப்போது நிற்கிறது என்று எங்கே எழுதியிருக்கிறாய்?”

நான் எழுதவில்லை. பார்க்கவும் இல்லை.

அவர் எஞ்சினை இயக்கி மெல்ல வேகம் கூட்டினார். 1,200 சுற்றைத் தாண்டியதும் கடகடப்பு மறைந்தது, குறைத்ததும் திரும்பியது. பிறகு அணைத்து, பெல்ட்டைக் கழற்றினார். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் சில விநாடிகள் மட்டும் எஞ்சினை ஓடவிட்டார். ஓசை இல்லை. ஆக, பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்று. பெல்ட் டென்ஷனர்தான் என்பது அவருடைய முதல் ஊகம். அதைக் கையால் சுழற்றிப் பார்த்துத் தவறு என்று அவரே விலக்கினார். ஆல்டர்னேட்டரையும் மற்ற உருளைகளையும் அவ்வாறே விலக்கினார். கடைசியில் சூப்பர்சார்ஜரின் புல்லி. சுழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. நறநறப்பு இல்லை, பக்கவாட்டு ஆட்டமும் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் சிறிதளவு அசைத்தபோது உள்ளே ‘டொக்’ என்றது. என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ரோட்டார் அசையுமுன் புல்லி மட்டும் சற்று நகர்வதை விரல்கள் உணர்ந்தன.

புல்லித் தண்டுக்கும் ரோட்டாருக்கும் இடையே ஒரு சிறிய பிளாஸ்டிக் வட்டு உண்டு. கப்ளர் என்பார்கள். அதில் ஆறு துளைகள். மூன்றில் தண்டின் ஊசிகளும் மூன்றில் பற்சக்கரத்தின் ஊசிகளும் நுழையும். எஞ்சினின் அதிர்ச்சி ரோட்டாருக்குப் போகாமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை. முன்பகுதியைப் பிரித்து எடுத்தபோது வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. பேரிங் பழுதற்றிருந்தது.

புதிய வட்டு சில ஆயிரம் ரூபாய். பழைய எண்ணெயை வடித்து, இணைப்பு முகத்தைத் துடைத்து, சீலன்ட் தடவி, இரவு முழுதும் இறுகவிட்டு, மறுநாள் உரிய எண்ணெயை ஊற்றினார். கார் அமைதியாயிற்று. “நானும் ஒருமுறை நல்ல பேரிங்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன், அதன் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றக் கற்றுக்கொண்டேன்” என்றார் உஸ்தாத்.

என் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 சுற்றில் ஓடும்போது சுற்றுக்கு இரண்டாக, விநாடிக்கு 25 வெடிப்புகள் நிகழும். அந்தக் காரின் புல்லி விகிதம் ஏறத்தாழ 2.1, எனவே ரோட்டார் விநாடிக்கு 26.25 முறை சுழலும். நான் அலசிய துண்டுகள் அரை விநாடி நீளமானவை. அவற்றால் 2 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது. எஞ்சின் வேகத்தையும் சேர்த்துப் பதிந்திருந்த நீண்ட பதிவை மீண்டும் அலசினேன். மோதல்கள் துல்லியமாக எஞ்சினின் வெடிப்போடு ஒத்து நின்றன, ரோட்டாரோடு அல்ல. விடை முதல் நாளிலிருந்தே என் கணினியில் இருந்தது.

நெறியாளரிடம் சொல்லவேண்டிய நாளுக்கு முந்தைய இரவு எனக்கு உறக்கமில்லை. அனுப்பிய கட்டுரையில் “உண்மையான வாகனங்களுக்கும் பொருந்தும்” என்று ஒரு வரி இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தத் தேய்ந்த கப்ளர் கிடைக்குமா?” என்றார்.

உஸ்தாத் அதை எடுத்து வைத்திருந்தார். எங்கள் மேடையிலிருந்த சூப்பர்சார்ஜருக்கும் அது பொருந்தியது. மாட்டி ஓட்டினோம். எந்த ஓசையும் இல்லை. மின்மோட்டாரின் சுழற்சி சீரானது. ஊசிகள் துளையின் ஒரே பக்கத்தில் சாய்ந்தபடியே ஓடின. பிறகு மோட்டாரின் கட்டுப்பாட்டு நிரலை மாற்றி, எஞ்சினைப் போல விநாடிக்கு 25 முறை அதன் முறுக்குவிசையை ஏற்றி இறக்கினோம். ஆய்வகம் முழுவதும் அதே கூழாங்கல் ஓசை.

பதினான்கு மாதங்கள் நான் கேட்டிருக்கவே முடியாத ஓசை அது. ஐடிலிங்கில் சூப்பர்சார்ஜரின் சுமை மிகக் குறைவு. வெடிப்புக்கு வெடிப்பு எஞ்சின் தள்ளியும் தளர்த்தியும் இழுப்பதால் வட்டு முன்னும் பின்னும் மோதுகிறது. வேகமும் சுமையும் கூடினால் ஒரே பக்கம் அழுந்தி அமைதியாகிறது. எஞ்சினை விலக்கிவிட்டுச் சூப்பர்சார்ஜரை மட்டும் ஆராய்ந்த நான், இந்தப் பழுது தோன்றும் சூழலையே மேடையிலிருந்து விலக்கியிருந்தேன். மாதிரிக்கோ தான் கற்ற நான்கைந்து பெயர்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. அறியாத ஓசையைக் கேட்டபோது தெரிந்தவற்றுள் அருகிலிருந்த பெயரைச் சொன்னது. 93 விழுக்காடு என்பது அந்தப் பெயர்களுக்குள் நடந்த போட்டியின் கணக்கு. அதை நான் உண்மையின் அளவு என்று வாசித்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ஆய்வேட்டில் ஓர் இயல் புதிதாகச் சேர்ந்தது. மாறும் முறுக்குவிசையில் தரவு முழுவதையும் மீண்டும் சேகரிக்க வேண்டியதாயிற்று. “அறியேன்” என்று சொல்லவும் மாதிரிக்குக் கற்பித்திருக்கிறோம். அதனால் அதன் வெற்றி விழுக்காடு குறைந்துள்ளது. குறைந்த எண்ணையே அட்டவணையில் இட்டிருக்கிறேன்.

புதிதாக ஆய்வில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் சோதனை மேடையில் என்னென்ன இருக்கின்றன என்று முதல் இயலில் எழுதுவீர்கள். வெளியுலகில் இருந்து, உங்கள் மேடையில் இல்லாதவை எவை என்றும் ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். என் பட்டியலில் முதல் வரி, “எஞ்சின்.”

தாமதம் ஆறு மாதங்கள். அடுத்த மாதம் சமர்ப்பிக்கிறேன். அந்த வட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது.