நஸ் என்னும் ஒரு சொல்

பழைய தில்லியில் ஜரிகை வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு வலக்கைச் சுண்டுவிரல் மரத்துப்போகத் தொடங்கியது. மோதிரவிரலின் பாதியும் உடன் மரத்தது. ஊசி பிடியிலிருந்து நழுவியது. "நஸ் தப் கயீ" என்றார் அவர். நரம்பு அமுங்கிவிட்டது என்பது பொருள். வீட்டாருக்கு வேறோர் அச்சம் இருந்தது. அதன் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. நோய் குணமாகும், சொல்லின் மீதான அச்சம் மட்டும் குணமாகவில்லை.

மருத்துவர் முதலில் முழங்கையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். தொழுநோயில் அல்நார் நரம்பு தடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தடிப்பு இல்லை, தோலில் உணர்விழந்த தேமலும் இல்லை. புறங்கையில் உணர்வு குறையவில்லை. புறங்கைக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், கோளாறு மணிக்கட்டில்தான் என்பது புலப்பட்டது. நரம்புக் கடத்தல் சோதனையும் அதையே உறுதிசெய்தது. எங்கே என்பது தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை.

அதற்காகவே எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. வளையல்களைக் கழற்றச் சொன்னபோது அவர் சற்றுத் தயங்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

இந்தியில் நஸ் என்பது இரத்தக் குழாயையும் நரம்பையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் நரம்பு என்பது யாழின் தந்திக்கும் பெயர். கையில் புடைத்துத் தெரியும் சிரையையும் மக்கள் நரம்பு என்றே அழைக்கின்றனர். கிரேக்க நியூரோன் என்ற சொல்லும் முதலில் தசைநாணையே குறித்தது. தோலுக்கடியில் நீண்டு கிடப்பவை எல்லாம் மனிதருக்குக் கயிறாகவே தோன்றியிருக்கின்றன.

எம்.ஆர்.ஐ. படம் அந்தக் கயிறுகளை வேறு பிரிக்கிறது. உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் தரும் சமிக்ஞையே அதற்கு ஆதாரம். தசைநாண் கறுப்பாகவும், நரம்பு மெல்லிய இழைக்கட்டுகளாகச் சாம்பல் நிறத்திலும் தெரியும். அப்பெண்ணின் மணிக்கட்டில், அல்நார் நரம்பு செல்லும் குறுகிய வழியில், வெண்மையாக ஒளிர்ந்தது நீர்மம் நிறைந்த ஒரு சிறு கட்டி. அது நரம்பை ஒருபுறம் அழுத்திக்கொண்டிருந்தது.

கட்டி அகற்றப்பட்டது. சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், விரல் உணர்வு பெறக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் அந்தப் பெயர் இறுதிவரை சொல்லப்படவே இல்லை. என்ன நோய் என்று அண்டை வீட்டார் கேட்டபோது, அவர் முன்பு சொன்னதையே மீண்டும் சொன்னார்: நஸ் தப் கயீ.

மருத்துவ அறிக்கை இரண்டு பக்கங்களில் சொன்னதும் அதுவே.