கடைசித் தண்ணீர்

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில், உறைந்துபோன ஏரியின்மேல் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார்கள். கூட வரும் வழிகாட்டி துளைக்கருவியால் பனிக்கட்டியில் ஒரு சாணுக்கும் குறைவான அகலத்தில் ஓட்டை போட்டுத் தருவார். கையில் ஒரு குட்டித் தூண்டில். நரம்பைத் தண்ணீருக்குள் விட்டு மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பெர்ச் என்கிற வரிமீன் கடித்தால் உண்டு. சிவகாசியில் அச்சகம் நடத்தும் என் உறவினர் ஒருவர் குளிர்கால விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு வந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் பேசினார். மீன் கிடைத்ததா என்று கேட்டேன். "மீனுக்கா அவ்வளவு தூரம் போனோம்?" என்றார்.

ஏழாயிரம்பண்ணையில் மீனுக்குத்தான் போகிறார்கள். போவது கோடையில். தண்ணீர் இங்கே உறைவதில்லை, வற்றுகிறது. வழிகாட்டி இங்கும் வேண்டும். அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அவ்வளவுதான். அப்படி ஒருவரோடு கண்மாய்க்குள் இறங்கிப் பார்க்கத்தான் நான் போனேன்.

ஏழாயிரம்பண்ணை இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் பாளையம். கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799-இல் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. இப்போது பட்டாசும் தீப்பெட்டியும்தான் ஊருக்குச் சோறு. வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைத் தேக்கி வைக்க முன்னோர் வெட்டிய கண்மாய்கள் கரிசல் நெடுகக் கிடக்கின்றன. பக்கத்து அச்சங்குளத்தை வெளியூர்க்காரர்கள் 2021 பிப்ரவரியில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தை வைத்துத்தான் அறிவார்கள். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லாருமே விபத்தோடு வந்து விபத்தோடு போய்விடுகிறோம். விபத்து இல்லாத நாட்களில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு வழிகாட்டியவர் அறுபதை நெருங்கும் பட்டாசுத் தொழிலாளி. பேர் போட வேண்டாம் என்றார். "மேனேஜர் படிச்சா, மீன் பிடிக்கத்தான் லீவு போட்டியான்னு கேப்பாரு." ஆகவே அண்ணாச்சி என்றே சொல்கிறேன். மருந்து செலுத்தும் அறையில் வேலை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். இரும்புச் சாமான் உள்ளே போகக் கூடாது. மருந்தை உரசக் கூடாது, இடிக்கக் கூடாது, பாத்திரத்தை இழுத்து வைக்கக் கூடாது. குளித்துவிட்டு வந்த பிறகும் அவருடைய நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்கியது.

"ஆறு நாளு இந்தக் கைய அடக்கி வச்சிருக்கேன் தம்பி. ஏழாம் நாளு இங்க வந்து ஓங்கிக் குத்துதேன்" என்றார்.

குத்துவது ஊத்தாவை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அடியும் இல்லாத, மூடியும் இல்லாத கூடை. கீழ்வாய் அகலம், மேல்வாய் ஒரு கை நுழைகிற அளவு. பழைய ஊத்தா மூங்கில் பிளாச்சில் கட்டியது. இப்போது கம்பி வளையத்தில் நைலான் வலையைச் சுற்றி லேத்துப் பட்டறையிலேயே செய்து வாங்கிவிடுகிறார்கள். அண்ணாச்சி வைத்திருந்தது மூங்கில். அவரே கட்டியது. மூங்கிலைப் பிளந்து, ஒவ்வொரு பிளாச்சையும் சூரிக்கத்தியால் சிம்பு இல்லாமல் சீவி, தண்ணீரில் ஊறப்போட்டு வளைத்திருக்கிறார். கட்டியிருப்பது பனைநார். பிளாச்சுகளின் கீழ்முனை ஒவ்வொன்றும் சேற்றில் இறங்குகிற மாதிரி கூர் சீவியிருந்தது. மேல்வாய் விளிம்பில் மட்டும் பழைய வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருந்தார். அது எதற்கு என்று கேட்டதற்கு முழங்கையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். வருஷக்கணக்காக விளிம்பு அறுத்த தழும்பு அங்கே வரிவரியாக இருந்தது.

"கம்பி ஊத்தா கெட்டிதான். ஆனா மீன் முட்டுனா கம்பி சொல்லாது. மூங்கில் சொல்லும்."

நாங்கள் போனபோது குத்தகைக்காரர் வேலையை முடித்திருந்தார். ஊர்க் கண்மாய்களில் மீன் வளர்க்கும் உரிமையை மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விடுகிறார்கள். கணக்கு பசலி ஆண்டில். எடுத்தவர் கண்மாய் பெருகியதும் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வாங்கி விடுவார். கோடையில் வலைக்காரர்களைக் கூட்டிவந்து இழுவை வலை போட்டு வாரிக்கொள்வார். மீன் பெட்டிகளில் ஐஸை உடைத்துக் கொட்டி வண்டி கிளம்பிப் போன தடம் கரையில் ஈரமாக இருந்தது. ஏழாயிரம்பண்ணைக் கண்மாய் பார்க்கிற பனிக்கட்டி அது ஒன்றுதான்.

வலைக்குத் தப்பிய மீனும், வலைக்கே வராத மீனும் மடையை ஒட்டிய பள்ளத்தில் நிற்கும். அந்தக் கடைசித் தண்ணீர்தான் ஊருக்கு. கண்மாய் அழிகிறது என்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இது ஆயிரக்கணக்கில் ஆள் கூடுகிற திருவிழா. பத்திரிகையில் படம் வரும். இங்கே அந்த ஆரவாரம் இல்லை. கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் தோள்துண்டை எடுத்து வீசினார். அவ்வளவுதான், எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

"காலைத் தூக்காதீங்க. தேய்ச்சு நடங்க" என்றார் அண்ணாச்சி. இரண்டு காரணம். ஒன்று, கருவை முள். கண்மாய் உள்வாய் முழுக்க வேலிக்கருவை. வெட்டிப்போட்ட முள் சேற்றுக்கடியில் மேல்நோக்கிக் கிடக்கும். இரண்டாவது, பாதம்தான் முதலில் மீனைப் பார்க்கிறது. சேற்றில் அமுங்கிக் கிடக்கிற விரால், மிதிபடுகிற வரை அசையாது. வழுவழுப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தைவிட்டுக் காலை எடுக்காமல், காலைச் சுற்றியே ஊத்தாவைக் கவிழ்க்க வேண்டும். லாப்லாந்தில் பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் கனமாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளை ஏற்றுகிறார்களாம். இங்கே அளப்பது சேற்றை. மடைக்கு நேர் எதிரே ஓர் ஆள் இடுப்புவரை இறங்கிவிடுகிற இடம் ஒன்று உண்டு. அண்ணாச்சி அதைச் சுற்றிக்கொண்டு போனார், பின்னாலேயே நானும்.

குத்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஊத்தாவை நேராக இறக்கினால் தண்ணீர் தள்ளும், மீன் விலகிவிடும். லேசாகச் சாய்த்து, முன் விளிம்பு முதலில் தொட, அதே வீச்சில் பின் விளிம்பையும் அமுக்கிவிட வேண்டும். அமுக்கிய பிறகு அவசரப்படக் கூடாது. இரண்டு உள்ளங்கையையும் மேல்விளிம்பில் வைத்தபடி நிற்க வேண்டும். உள்ளே மீன் இருந்தால் பக்கத்தில் வந்து முட்டும். அந்த முட்டல் மூங்கில் வழியாக மணிக்கட்டுக்கு வரும். கெண்டை முட்டினால் படபடவென்று. விரால் ஒரே முட்டு, பிறகு சத்தமே இருக்காது. அடியில் படுத்துவிடும். கையை விட்டுத் துழாவித் தலையைக் கண்டுபிடித்து, தரையோடு அமுக்கி, செவுளில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டும். வாலைப் பிடிக்கிறவன் கைக்கு விரால் சிக்குவதில்லை.

அண்ணாச்சி முழங்கைவரை விட்டிருந்த கையை வெளியே எடுத்தபோது, முன்கை நீளத்துக்கு ஒரு விரால். கறுத்த முதுகு, வெளிறிய வயிறு, பாம்புத் தலை. பல்லில் கடித்திருந்த கயிற்றைச் செவுள் வழியே கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த குத்துக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என் ஊத்தாவிலும் ஏதோ முட்டியது. படபடவென்று பலமான முட்டல். துழாவி எடுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க மீன். இப்போது அது இல்லாத கண்மாய் இல்லை. "ஜிலேபி எல்லாருக்கும் கிடைக்கும்" என்றார் அண்ணாச்சி, ஆறுதலா கேலியா என்று தெரியாத குரலில்.

உறைந்த ஏரியிலும் வற்றிய கண்மாயிலும் மீனுக்கு வருகிற ஆபத்து ஒன்றுதான்: மூச்சு முட்டுவது. தண்ணீர் 4 டிகிரி சூட்டில்தான் அதிகக் கனம். அதனால் ஏரி மேலே உறைந்தாலும் அடியில் மீன் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் பனிக்கட்டியும் அதன்மேல் வெண்பனியும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் ஆக்சிஜன் தீர்ந்து கூட்டமாகச் சாகும். நம் கண்மாயில் சூடேறிய தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதில்லை. இரவெல்லாம் பாசியும் சேர்ந்து அதை உறிஞ்ச, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கட்லா, ரோகு தாங்காது. விரால், குறவை, தேளி மூன்றும் நேராகக் காற்றையே குடிக்கும் மீன்கள். தண்ணீர் கஞ்சியாகக் குழம்பிய பிறகும் கிடக்கும். கடைசித் தண்ணீரில் ஊருக்குக் கிடைப்பது அவைதான். ருசியும் அவற்றில்தான் என்பது தெற்கத்திக்காரர்களின் முடிவு. எனக்கும் மறுப்பில்லை.

பட்டாசு ஊராயிற்றே, யாரும் வெடி போட்டு மீன் பிடிப்பதில்லையா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து, கரையேறிய பிறகு கேட்டேன். தண்ணீரில் வெடி போட்டு மீன் பிடிப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது. அண்ணாச்சிக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவர் சொன்னது வேறு.

"வெடி போட்டா குஞ்சும் குறுமானும் சேந்து சாகும். பாதி மெதக்கும், பாதி அடியிலயே அழுகும். மருந்து தொடுற கைக்கு அது என்ன செய்யும்னு தெரியும் தம்பி. தெரிஞ்சவன் தண்ணியில போட மாட்டான்."

கார்த்திகையில் விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று பந்தாகத் திரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தப் பார்ப்பு தெரிகிற இடத்தில் அவர் தூண்டில்கூடப் போடுவதில்லை. ஊரில் எல்லாரும் அப்படி இல்லை என்பதையும் அவரே சொன்னார். கொசுவலையைக் கொண்டு அந்தப் பார்ப்பையே அள்ளுகிறவர்களும் உண்டு.

பெண்கள் ஊத்தா பிடிப்பதில்லை. சேலையை இரண்டு பேராக விரித்துக் கெண்டைப்பொடி அரித்தார்கள். அவர்களிலும் பலர் திரி வெட்டவும் லேபிள் ஒட்டவும் போகிறவர்கள். ஒரு பெண் அண்ணாச்சியின் இடுப்புக் கயிற்றைப் பார்த்து, "என்ன மாமா, விராலெல்லாம் உங்க வீட்டுக்கேவா?" என்றாள். அவர் ஒன்றை உருவிக் கொடுத்தார். அன்றைக்குப் பிடிக்கிற மீனை விற்பது வழக்கமில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம், பக்கத்து வீட்டுக்குப் போகலாம், தராசுக்குப் போகக் கூடாது.

பின்லாந்துச் சங்கதியை அண்ணாச்சியிடம் சொன்னேன். காசு கொடுத்துப் பனியில் உட்காருகிறார்கள் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அங்கே தூண்டில் போடவும், பனிக்கட்டியில் ஓட்டை போட்டுப் பிடிக்கவும் எவருக்கும் உரிமச் சீட்டு தேவையில்லை, சில இடங்கள் தவிர அது சட்டமே எல்லாருக்கும் கொடுத்திருக்கிற உரிமை என்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதியே குடுத்திருக்கானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இங்கே கடைசித் தண்ணீர் ஊருக்கு என்பது எந்தத் தாளிலும் இல்லை. குத்தகைக்காரர் பெருந்தன்மையானவராக இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் மோட்டார் வைத்துப் பள்ளத்தையும் இறைத்துக் கடைசி விரால்வரை பெட்டிக்குப் போய்விடும். சில வருடங்களில் அப்படி ஆகியிருக்கிறது. ஊர் கரையில் நின்று பார்த்திருக்கிறது. பணம் கட்டி ஏலம் எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிபந்தனையில் இல்லாததை அவர் ஏன் செய்ய வேண்டும்? ஊத்தா கட்டத் தெரிந்தவர்களைக் கைவினைஞர் என்று பாராட்டிச் சால்வை போடுவதைவிட, குத்துவதற்கு அவர்களுக்கு ஒரு பள்ளம் தண்ணீரை விட்டுவைப்பது மேல்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஏல நிபந்தனையில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: கடைசி அழிப்பு ஊருக்கு, மடைப்பள்ளத்தை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. அந்தப் பள்ளத்தில் தப்புகிற விரால்தான் அடுத்த மழைக்குப் பார்ப்பு விடும் என்பதால் குத்தகைக்காரருக்கும் இதில் பெரிய நஷ்டமில்லை. வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்து ஊராட்சிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் கிராம சபையில் ஒரு தீர்மானமாக வையுங்கள். சபை மே 1-இல் கூடுகிறது. புதுப் பசலி ஜூலை 1-இல்தான் பிறக்கிறது.