திங்களும் ஞாயிறும் உள

ஓலை செல்லரிக்கும் என்று அறிந்தோர் கல்லை நம்பினர். முடிகள் மாறும் என்று அறிந்தோர் அறத்தை நம்பினர். தாம் மாய்வது திண்ணம் என்று அறிந்தோர், அன்று பிறவாத நம்மை நம்பினர். திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்னும் பொருளில் சந்திராதித்தவல் என்று பொறித்துக் கண்மூடினர். திங்களும் ஞாயிறும் உள. பொறித்த சொல் எங்கே?

தான் கொடுத்தனவும் தமக்கை கொடுத்தனவும் தேவியர் கொடுத்தனவும் பிறர் கொடுத்தனவும் விமானத்துக் கல்லில் ஏறுக என்று தஞ்சையில் ஏவினான் இராசராசன். வேந்தனின் புகழோடு, கோயில் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்தம் மனை நின்ற தெருச்சிறகும் அக்கல்லில் ஏறின.

சிற்றூர்த் தளிகளிலோ, விளக்குகளே வரலாறு. ஒரு நந்தாவிளக்குக்கு ஆடு 96. நாள்தோறும் நெய் உழக்கு. சாவா மூவாப் பேராடு என்றனர்: மூத்தது மாளும், ஈன்றது எஞ்சும், தொகை குன்றாது, சுடர் அவியாது என்று ஆயர்களான மன்றாடிகளின் கையில் மந்தையை ஒப்படைத்தனர். வேட்டையில் அம்பு தவறி ஒருவனைக் கொன்றவன், இறந்தவன் பொருட்டு ஏற்றிய விளக்கும் அவற்றுள் உண்டு. ஓர் ஏழை நெஞ்சின் ஆறாத் துயரை ஆயிரம் ஆண்டு சுமந்த கல் அது. திங்களும் ஞாயிறும் உள. மந்தை இல்லை, நெய் இல்லை, சுடர் இல்லை.

கல்வெட்டுகளுள் பகைவர் கைப்பட்டு அழிந்தன சில. பத்தியின் கைப்பட்டு அழிந்தனவற்றுக்கே நெஞ்சு பொறாது. திருப்பணி என்னும் திருப்பெயரால் மணல் வீச்சில் எழுத்துதிர்ந்த சுவர் எத்தனை! சுண்ணம் பூசி மறைத்த வரி எத்தனை! கற்களை எண்ணிடாது பிரித்து, முறைமாற்றி அடுக்கியதால், சொல்லின் தலை ஒரு சுவரிலும் கால் ஒரு சுவரிலுமாய்ப் பிளந்து கிடப்பன எத்தனை! இடி தாங்கிய கல், மழை தாங்கிய கல், நம் கை தாங்கவில்லையே!

1886இல் கல்வெட்டாய்வுப் பணி ஏற்ற ஹுல்ட்ஸும் அவர் வழிவந்தோரும் ஊர் ஊராய் நடந்து, ஈரத்தாள் ஒற்றி மை தட்டி, மைப்படி எடுத்தனர். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வெளிவந்தது. இன்று மூலக்கல் மறைந்த சாசனம் பலவற்றுக்கு அந்தத் தாளே உயிர். ஓலைக்கு அஞ்சிக் கல்லை நாடினர் முன்னோர். கல்லை இழந்து தாளை நாடி நிற்கும் காலம் இது.

இவ்வறத்தைக் காப்பவர் திருவடி எம் தலைமேல் என்று, தம் வாசகத்தின் இறுதியில் வணங்கிச் சென்றனர் கல்லில் பொறித்தோர். மன்னனும் மன்றாடியும் ஒருங்கே தாழ்த்திய தலை அது. திங்களும் ஞாயிறும் உள. எவர் நம் அடியைத் தலைமேற் கொண்டார் என்று சொல்லும் வரியே பல சுவர்களில் தேய்ந்துபோயிற்று.