பனம்பழக் காலமும் மணற்காட்டுப் பயணமும்

மேனாட்டுக் கதைநூல்களைப் படிக்கும் நம் பிள்ளைகள் இலையுதிர்காலம் என்றொரு பருவத்தை அறிவர். செப்டெம்பர் மாதம் 22 அல்லது 23ஆம் நாளளவில் பகலும் இரவும் சமமாகும். அதன்பின் குளிர்நாட்டு மரங்களின் இலைகள் பச்சை நீங்கி, மஞ்சளும் சிவப்புமாகி உதிரும். அங்குள்ள குடும்பத்தினர் விடுமுறை நாள்களிலே சோலைகளுக்குச் சென்று, உதிர்ந்த இலைகளையும் கொட்டைகளையும் பொறுக்கி வந்து, அவற்றைக் கொண்டு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் செய்து கொடுப்பர். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, நமக்கும் இப்படியொரு காலம் உண்டோ என்று மாணவர் வினவுவதுண்டு.

உண்டு என்பதே எமது விடை. பழந்தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஆவணி புரட்டாதியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் பெயரிட்டனர். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருமழை ஐப்பசியிலேதான் தொடங்கும். ஆதலால் ஆவணியும் புரட்டாதியும் இங்கே ஓர் இடைக்காலமாம். சோழகக் காற்றுத் தளர்ந்து, வாடை எழுவதற்கு முற்பட்ட காலம் அது. நிலம் காய்ந்து கிடக்கும். கிணற்று நீர் தாழ்ந்திருக்கும். தோட்டக்காரர் வானத்தை நோக்கி நிற்பர். அவ்வேளையில், எவரும் நீர் வார்க்காது நிற்கின்ற பனை தன் பழத்தைத் தருகின்றது. இரவிலே வளவின் மூலையில் ‘தொப்’பென்று பழம் விழும் ஓசை கேட்டால், விடியுமுன் அதனைப் பொறுக்கச் சிறுவர் ஒருவரையொருவர் முந்துவர். குளிர்நாட்டுப் பிள்ளைகள் இலை பொறுக்கும் காலத்திலே நம் பிள்ளைகள் பனம்பழம் பொறுக்குகின்றனர்.

பழமும் பனாட்டும்

பனம்பழத்தை உண்ணவும் ஒரு பழக்கம் வேண்டும். மேலுள்ள மூளைக் கழற்றி, கருந்தோலை உரித்து, தும்பைப் பிரித்துச் சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால் செம்மஞ்சட் களி வெளிப்படும். அதனை வடித்துப் பாயிற் பரப்பி, பந்தலின் மேல் வெயிலிலே காயவிடுவர். முதல்நாட் களி காய்ந்தபின் அதன்மேல் அடுத்த நாட் களியை ஊற்றுவர். இவ்வாறு படைமேற் படையாகக் காய்ந்து தடித்ததே பனாட்டு. காகமும் ஆடும் அணுகாமற் காவல் இருப்பது சிறுவரின் கடமை. காவற்காரரே களவெடுப்பதும் உண்டு. அதனை ஆச்சிமார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவர். களியைக் காய்ச்சிக் கைப்பினைப் போக்கி, மாவும் சீனியும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயிற் பொரித்தெடுக்கும் பனங்காய்ப் பணியாரத்தின் மணம் அயல்வீட்டாரையும் அழைத்து வந்துவிடும்.

பிழிந்தெடுத்த விதைகளும் வீண்போவதில்லை. மண்ணிலே பாத்தி கட்டிப் பனங்கொட்டைகளை அடுக்கிவிட்டால், மாரி மழையில் முளைத்துத் தை மாசியிலே கிழங்கு தரும். கிழங்கைப் பிளந்து பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கொட்டையைப் பிளந்தெடுக்கும் பூரான் சிறுவருக்கு. எஞ்சிய ஊமல் அடுப்புக்கு. ஒரு பழம் குடும்பத்துக்கு ஆறு மாத வேலையும் ஆறு மாத உணவும் தருகின்றது.

ஓலையிற் கைவேலை

இக்காலத்தின் கைத்தொழிலும் பனையோடு கூடியதே. எமது பெரியம்மாவுக்கு அகவை 80 கடந்துவிட்டது. பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். கண் மங்கிய போதிலும் அவருடைய விரல்கள் இன்னும் ஓலையை மறக்கவில்லை. விடுமுறை நாள்களிலே எமது மகளும் மகனும் அவருடைய திண்ணையில் அமர்ந்து ஓலைவேலை பழகுகின்றனர்.

முற்றாத சார்வோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலமாக வார்ந்துகொள்ள வேண்டும். இதிற் பிழைத்தால் பின்னர் எதுவும் திருந்தாது. வார்ந்த ஓலைகளை நெடுக்கும் குறுக்குமாக வைத்து, ஒன்றின் மேலும் மற்றதன் கீழுமாகச் செலுத்தி அடித்தளம் இழைப்பர். பின்பு மூலைகளை மடித்துத் திருப்பினால் அடித்தளமே சுவராக எழும், பெட்டி உருவாகும். அதன்மேல் நாரினால் வரிந்து பொத்தினால் மண்சுமக்கும் கடகமாகும். கூம்பு வடிவாக இழைத்தால் பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியாகும். மாத்துணிக்கை கீழே விழாது, நீராவி மட்டும் உட்புகுமளவுக்கு அதன் இழை நெருங்கியிருக்கும். ஓலையின் மணம் பிட்டிலே கலந்துவிடும். அம்மணத்தை வேறெந்தப் பாத்திரமும் தருவதில்லை.

மகள் அவசரப்பட்டு ஓலையை இழுத்தபொழுது பெரியம்மா அவள் கையைப் பிடித்து, “பிள்ளை, இழுத்து முறியாதை. ஓலை தானாய் வளையுமட்டும் பொறு” என்றார். எமது வகுப்பறைக்கும் பொருந்தும் பாடம் அது.

சிறுவருக்கு எளிய வேலைகளும் உள. சாண் நீள ஓலைத்துண்டுகள் இரண்டை ஒன்றினுள் ஒன்றாகக் குறுக்கே மடித்துப் பூட்டி, நடுவிலே ஒரு முள்ளைக் குத்தி, தடியின் நுனியிற் பொருத்திக் காற்றுக்கு எதிரே ஓடினால் அது காற்றாடி. சிறு பெட்டியினுள் மணிக்கற்கள் சிலவற்றை இட்டு வாயை மூடி இழைத்தால் கிலுகிலுப்பை. நுங்குக் காலத்திலே கோம்பைகள் இரண்டைத் தடியாற் பிணைத்தால் வண்டி. மார்கழி தையிலே வாடைக் காற்றிற் பட்டம் ஏறும்பொழுது, அதன் தலையிலே கட்டிய விண் இரவெல்லாம் கூவும். இவற்றுள் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

ஆயினும் கடை நம்மைத் தேடி வந்துவிட்டது. நெகிழிக் கூடையும் நெகிழிச் சுளகும் விலை மலிந்தவை; நனைந்தாலும் உக்காதவை. அவற்றை வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஓலைவேலை ஏட்டைப் பார்த்துப் பழகும் கல்வியன்று. ஒரு கையைப் பார்த்து மற்றொரு கை பழகுவது. பழக்கும் கை ஓய்ந்துவிட்டால், பழகும் கைக்கு வழியில்லை. பெரியம்மாவின் தெருவிலே முன்னர் வீட்டுக்கு வீடு ஓலை வார்ந்தனர். இன்று அவர் ஒருவரே எஞ்சியுள்ளார்.

வல்லிபுரத்தை நோக்கி

கைவேலை ஒருபுறமிருக்க, குடும்பமாக ஒருநாள் வெளியே சென்றுவரவும் புரட்டாதி ஏற்ற காலம். வைகாசி வெயிலின் கொடுமை தணிந்திருக்கும். மாரியின் சேறும் தொடங்கியிராது. நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வான் ஒன்றை அமர்த்திக்கொண்டு, பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குப் புறப்பட்டோம். கட்டுச்சோறு பெரியம்மா இழைத்த பெட்டியிலே இருந்தது.

கோப்பாய் கடந்தால் செம்மண். நீர்வேலியிலே வாழைத் தோட்டங்கள். அடுத்து வருவது சிறுப்பிட்டி. பழந்தமிழ் நூல்களைப் பனையேட்டிலிருந்து அச்சிற்கு ஏற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பிறந்த ஊர் இதுவே. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1887இலே கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவர். “நாம் பெட்டி இழைக்கும் ஓலையிலா கலித்தொகையை எழுதினார்கள்?” என்று மகன் கேட்டான். ஆம், அதே பனையின் ஓலை. பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்திராவிடின் நம் கைக்கு அந்நூல்கள் வந்திரா. படியெடுப்போர் இல்லாது ஒரு தலைமுறை கழிந்திருந்தாற் போதும், நூல் மறைந்திருக்கும். இதனைச் சொல்லும்போது எமது நினைவு மீண்டும் ஓலைப்பெட்டியின் மேலேயே சென்றது.

ஆவரங்கால் கழிந்து வல்லைவெளியை அடைந்தால், வீடும் மரமும் ஒழிந்து உவர்நிலமும் நீரும் வானமுமே எஞ்சும். வட ஆசியாவிலே இலையுதிர்காலக் குளிர் தொடங்கியதும் அதற்கு அஞ்சிப் புறப்படும் உள்ளான் முதலிய பறவைகள் இக்காலத்திலேதான் நம் கடனீரேரிகளுக்கு வந்து சேரத் தொடங்கும். மேனாட்டு நூல்களில் நாம் படிக்கும் அப்பருவம் நமக்கு அனுப்பிவைக்கும் விருந்தினர் இவை.

நெல்லியடி கடந்து பருத்தித்துறைப் பக்கமாகச் சென்று கிழக்கே திரும்பினால், மணற்பரப்பின் நடுவே வல்லிபுர ஆழ்வார் கோயிற் கோபுரம் தோன்றும். இங்கே மூலத்தானத்தில் எழுந்தருளியிருப்பது திருச்சக்கரம். புரட்டாதித் திருவிழாவின்போது சுவாமி மணலைக் கடந்து கடலுக்குச் சென்று தீர்த்தமாடுவார்; அடியார் கூட்டம் கடற்கரையெங்கும் நிறைந்திருக்கும். 1936ஆம் ஆண்டிலே இவ்வூரிற் பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடொன்று கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் கருத்து. காலடி மணலின் கீழே எத்தனையோ நூற்றாண்டுகள் உறங்குகின்றன என்பதை மாணவர் உணர்வதற்கு இதனினும் ஏற்ற இடம் அரிது. வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் பருத்தித்துறைத் தட்டுவடை வாங்காமல் திரும்புதல் வடமராட்சிக்குச் செய்யும் அவமதிப்பாகும். நாம் அதனைச் செய்யவில்லை.

மணற்காடு

அங்கிருந்து தென்கிழக்கே சில கிலோமீற்றர் சென்றால் மணற்காடு. காற்றுக் குவித்த வெண்மணற் குன்றுகள் கடலோரமாக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் பக்கத்தே சவுக்கந்தோப்பு. மணலிலே பாதி புதைந்து, கூரையிழந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைக் கண்ட பிள்ளைகள், மணல் நடக்குமோ என்று வியந்தனர். நடக்கும். காற்று ஒரு புறத்து மணலை அள்ளி மறுபுறத்தே கொட்ட, குன்று சிறிது சிறிதாக நகரும். அதனைத் தடுத்து நிறுத்துவது அடம்பன் கொடி. நிலத்தோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைப் பற்றிக்கொள்ளும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்னும் பழமொழியை வகுப்பிலே எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். அக்கொடியைக் கையாற் பற்றி இழுத்துப் பார்த்த அன்றுதான் எம் பிள்ளைகளுக்கு அதன் பொருள் முழுதும் விளங்கியது.

சவுக்கு நிழலிலே பெட்டியைத் திறந்து உணவு உண்டோம். பின்னர் காற்றாடிகளோடு பிள்ளைகள் குன்றின்மேல் ஓடினர். பெரியம்மா கீழே அமர்ந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகின்றதென்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கண் மங்கியவருக்கு அது கன்னத்திலே தெரிந்தது.

இக்கரை துயரும் கண்ட கரை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்கின் ஊர்களைத் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுசென்றது. மணற்குன்று கடலுக்கு எதிரே இயற்கை கட்டிய அணை. மழைநீரைத் தன்னுள்ளே தேக்கிக் கிணறுகளுக்கு நன்னீர் ஊட்டுவதும் அதுவே. அம்மணலை அகழ்ந்து ஏற்றிச் செல்வோர் அணையையும் கிணற்றையும் சேர்த்தே ஏற்றிச் செல்கின்றனர். பிள்ளைகளை இங்கு அழைத்துவருவோர் இதனையும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற நெடிய போரிலே எண்ணிறந்த பனைகள் அழிந்தன. காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறிக்கப்பட்டவை பல; எறிகணையால் தலையிழந்து நின்றவை பல. தலையிழந்த பனை மீண்டும் துளிர்ப்பதில்லை. அதன் இடத்திலே விதையொன்றுதான் முளைக்க வேண்டும். நட்ட விதை காய்ப்பதற்கு 15 ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அது ஆண்பனையோ பெண்பனையோ என்பதும் பூக்கும்வரை தெரியாது. ஆகவே பனை நடுவோர் தமக்கென்று நடுவதில்லை. இன்று நாம் உண்ணும் பனாட்டும் அவ்வாறு எவரோ நமக்கு விட்டுச்சென்றதே.

பெற்றோருக்கும் மாணவருக்கும் நாம் கூறுவது இதுவே. இப்பருவத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கென ஒதுக்குங்கள். வல்லிபுரமோ, கீரிமலையோ, காரைநகரின் கசூரினாக் கடற்கரையோ, அண்மையிலுள்ள ஓரிடத்துக்கு முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முந்திய நாள் மாலையில் அவர்களுடைய திண்ணையிலமர்ந்து ஒரு காற்றாடியேனும், ஒரு சிறு பெட்டியேனும் இழைக்கப் பழகுங்கள். உண்ட பழத்தின் கொட்டைகளிற் பத்தை எடுத்து, வளவின் எல்லையிலோ குளக்கரையிலோ, மழைக்கு முன் புதைத்துவிடுங்கள். ஐப்பசி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.