கம்பியில் கட்டிய விமானம்

ஃபிட்டர் மாமா வீட்டு முன்னறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், ஒரு விமானத்தின் படம் மாட்டியிருக்கும். பழைய ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, கண்ணாடி போட்டு வைத்த படம். அது ஆள் ஏறுகிற விமானம் இல்லை. இறக்கை நுனிக்கு நுனி நாலடிக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். பெயர் நோப்ளர். ஜார்ஜ் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்கர் 1950-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. வானத்தில் சதுரம் போடும், எட்டுப் போடும், தலைகீழாய்ப் போகும் என்று மாமா சொல்லச் சொல்ல, சாப்பாட்டு வேளை ஆனது தெரியாமல் நாங்கள் அதன் கீழே உட்கார்ந்திருப்போம்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, ஹைதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என் அப்பாவுக்கும் அதே பேட்டையில்தான் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. மௌலாலிப் பக்கம் திரும்பினால் பாறைக்குன்று, ஹப்சிகூடாப் பக்கம் என்.ஜி.ஆர்.ஐ. என்கிற புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், நடுவே வரிசை வரிசையாகத் தகரக் கூரை ஷெட்டுகள், அவற்றுக்கு இடையே யாரும் கட்டடம் எழுப்பாத மனைகள். இன்று மெட்ரோ ரயிலில் போனால் என்.ஜி.ஆர்.ஐ. என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வருகிறது. அங்கே இறங்கி நாச்சாரத்துக்குள் நடந்து பாருங்கள், ஒரு பந்து உருளக்கூட இடம் இருக்காது. எங்கள் காலத்தில் காலி மனைகளுக்குப் பஞ்சமே இல்லை. முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, அதிலொன்றை நாங்கள் விமானத் தளம் ஆக்கிக்கொண்டோம்.

நோப்ளரைப் போன்ற கன்ட்ரோல் லைன் விமானத்துக்கு ரேடியோ கிடையாது. இடது இறக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் கிளம்பி, நடுவில் நிற்பவர் கையிலிருக்கும் கைப்பிடியில் வந்து முடியும். இறக்கைக்குப் பக்கத்தில் பெல்கிராங்க் என்ற முக்கோணத் தகடு இருக்கும்; கம்பிகளின் மறுமுனை அதில் கோத்திருக்கும். கைப்பிடியை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டுத் தகடு திரும்பும், தகட்டிலிருந்து வாலுக்குப் போகும் தண்டு எலிவேட்டர் என்ற வால் மடலைத் தூக்கும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். விமானம் நம்மைச் சுற்றி வட்டமடிக்க, நாமும் நின்ற இடத்தில் அதோடு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் போர்ட்லாந்துக்காரரான ஜிம் வாக்கர்தான் 1940-களில் இதை ஊர் உலகமெல்லாம் பரப்பினார். இரண்டு கையிலும் ஒவ்வொன்று, தலையில் மாட்டிய கைப்பிடியில் இன்னொன்று என ஒரே நேரத்தில் மூன்று விமானங்களை ஓட்டிக் காட்டிய மனிதர்.

உலகப் போட்டிகளில் டீம் ரேஸ் என்ற பந்தயத்துக்குக் கம்பியின் நீளம் 15.92 மீட்டர் என்று மாமா ஒருநாள் சொன்னார். "அதென்ன மாமா கணக்கு, பதினாறுன்னு வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பென்சிலை நீட்டி, "வட்டத்தோட சுற்றளவு போடு" என்றார். போட்டேன். நூறு மீட்டர் வந்தது. பத்துச் சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்தில் பை என்பது பரீட்சைக்கான எழுத்தாக இருந்தது. அன்று மாமாவின் திண்ணையில் அது ஓட ஆரம்பித்தது.

ஒரு கோடை விடுமுறையில் எங்களுக்காக ஒரு பயிற்சி விமானம் கட்டலாம் என்று மாமா முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகம் விரிப்பார்களே, அங்கே கிடைத்த 'ஏரோமாடலர்' இதழ்களைப் புரட்டிப் புரட்டி, கிராஃப் தாளில் தன் கையாலேயே வரைபடம் போட்டார். உடம்பு ஒரே பலகை, அதில் குறுக்கே இறக்கை. பால்சா மரம் சுலபமாகக் கிடைக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய மரம். என்.சி.சி. விமானப் பிரிவுப் பையன்களுக்கு மாமா ஏரோமாடலிங் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் மிஞ்சிய துண்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. அவற்றை இறக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உடம்புக்கு வேறு லேசான மரம் பார்த்தோம். வாலுக்குப் போகும் தண்டு சைக்கிள் ஸ்போக். பெல்கிராங்க் அலுமினியத் தகட்டில் அறுத்து ராவியது. கம்பி மட்டும் ராணிகஞ்ச் கடைவீதியில் வாங்கியது; அதைச் சுருள் விழாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதே தனி வேலை.

இறக்கைக்கு விலா எலும்பான ரிப் ஒவ்வொன்றையும் பிளேடால் வெட்டி, அடுக்கி, உப்புத்தாள் தேய்த்து ஒரே அளவாக்கினோம். சட்டம் காய்ந்ததும் டிஷ்யூ தாள் ஒட்டி, மேலே தண்ணீர் தெளித்து நிழலில் வைப்போம். காயக் காயத் தாள் தன் சுருக்கத்தையெல்லாம் தானே உதறி விறைத்துக்கொள்ளும். அதன்மேல் டோப் என்ற மெருகுப் பூச்சு கொடுத்தால் விரலால் சுண்டும்போது மிருதங்கத்தின் வலந்தலைபோலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வரும்வரை மாமா அடுத்த வேலைக்குப் போக மாட்டார்.

ஆயுள் முழுக்க விமானங்களை நூல் பிடித்து நேராக்கிய மனிதர், இந்த விமானத்தை மட்டும் வேண்டுமென்றே கோணலாகக் கட்டச் சொன்னார். என்ஜினின் மூக்கை வலப்பக்கம் ஒரு மயிரளவு திருப்பினார். வாலில் நிமிர்ந்து நிற்கும் ரடரையும் வலப்பக்கமே சாய்த்து ஒட்டினார். இடது இறக்கை வலதைவிட ஓர் அங்குலம் நீளம். வலது இறக்கை நுனிக்குள் இரண்டு ஐம்பது பைசா நாணயங்களை வைத்து, தாள் ஒட்டி மூடிவிட்டார். என் அம்மாவின் கடுகு டப்பாவிலிருந்து வந்த நாணயங்கள் அவை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். விமானம் எப்போதும் நம்மைவிட்டு வெளியே போகப் பார்க்க வேண்டும். போகப் பார்த்தால்தான் கம்பி விறைப்பாக இருக்கும். கம்பி தொய்ந்தால் கைப்பிடி வெறும் கட்டை. "அது உன்னை இழுக்கணும்டா. இழுக்கிற வரைக்கும் அது உன் பேச்சைக் கேக்கும்" என்பார்.

எண்ணெய் டாங்கைக்கூட அந்த இழுப்பை நினைத்துத்தான் செய்தோம். டால்டா டப்பாத் தகரத்தை வெட்டி, ஆப்பு வடிவில் மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. வட்டமடிக்கும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக ஒதுங்கும் அல்லவா? அதனால் உறிஞ்சு குழாயின் வாய் டாங்கின் வெளிமூலையில், பின்பக்கமாகப் போய் நிற்கும்.

என்ஜின் சோவியத் நாட்டு எம்.கே.-17, ஒன்றரை சிசி டீசல். கல்கத்தாவில் செய்த அரோரா என்ஜின்களும் அப்போது உண்டு. மாமாவுக்கு வாய்த்தது இது. ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டர் தலையில் ஒரு திருகு. அதை முறுக்க முறுக்க உள்ளே அழுத்தம் கூடும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றும். எண்ணெய் என்றால் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சமபாகம். மாமா மட்டும்தான் கலப்பார், வெட்டவெளியில், சுற்றிலும் தீப்பெட்டி இல்லையென்று பார்த்துவிட்டு. விளக்கெண்ணெய்க்குத் தெலங்கானாவில் குறைவில்லை. ஆமணக்கு விளையும் பூமி. ஈதர்தான் படுத்தும். ஏறக்குறைய 35 டிகிரியில் கொதித்துவிடும் திரவம், ஹைதராபாத் மே மாத மதியத்தில் புட்டியில் நிற்குமா? அதனால் புட்டியை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்திருப்போம். பறக்கவிடுவது விடியற்காலையில்தான்.

முதல் பறப்பு மாமாவுடையது. காற்று அவர் முதுகிலிருந்து விமானத்தை நோக்கி வீசும் பக்கமாகப் பார்த்து அதை நிறுத்தினோம். புரொப்பெல்லரை விரலால் சுண்டினார். இருமியது, புகைந்தது, நின்றது. திருகைக் கால் சுற்று முறுக்கி மறுபடி சுண்டினார். பிடித்துக்கொண்டது. சூடேறியதும் திருகை லேசாகத் தளர்த்தினார், சத்தம் ஒரே சீராக ஏறியது. நடுவில் போய்க் கைப்பிடியை எடுத்து, எலிவேட்டர் மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்துவிட்டுக் கை காட்டினார். வாலைப் பிடித்திருந்த தெலுங்குப் பையனிடம் "வதிலெய்!", அதாவது விட்டுவிடு, என்று கத்தியது நான்.

இரண்டு முழம் உருண்டு எழுந்தது. தரையோடு தரையாக நாலைந்து சுற்று. பிறகு தலை உயரம். ஆனால் கம்பெனிச் சுற்றுச்சுவர்ப் பக்கம் வரும்போதெல்லாம் மாமா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார். சுவரில் மோதிய காற்று விமானத்தை உள்ளே தள்ள, கம்பி அங்கே தொய்கிறது. தொய்வை எடுக்கத்தான் அந்தப் பின்னடி. இறக்கியதும் ரடரை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து ஒட்டினார். வட்டத்தின் நடுப்புள்ளியையும் சுவரிலிருந்து தள்ளிச் சுண்ணாம்பால் குறித்தார். மறுபடி ஏற்றியபோது நின்ற இடத்திலேயே திரும்பினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, கைப்பிடியை என் கையில் கொடுத்து, என் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். "மணிக்கட்டை ஆட்டாத. கை முழுசும் ஒரே கம்பு. விமானத்தைத் தவிர வேற எதையும் பாக்காத, பாத்தா தலை சுத்தும்." நாலு விநாடிக்கு ஒரு சுற்று. ஷெட்டும் வேலியும் பாறையும் கலங்கிய வண்ணமாக ஓட, பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் அது ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. அரைக் கிலோகூட இல்லாத விமானம் ஒன்றரைக் கிலோபோல இழுத்தது. என்ஜினின் அதிர்வு கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. காற்று எந்தப் பக்கம் என்பதும் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்தது: ஒரு பக்கம் இழுப்பு கூடும், எதிர்ப்பக்கம் குறையும். மாமா எப்போது தன் கையை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. சுற்றுக்கு வெளியிலிருந்து அவர் குரல் வந்தபோதுதான் நான் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பது புரிந்தது.

எண்ணெய் தீர்ந்து சத்தம் அறுந்தது. "மூக்கைத் தூக்காத, அப்படியே விடு" என்றார் மாமா. அது வழுக்கி இறங்கி, புழுதியில் ஓடி நின்றது. அவர் குனிந்து முதலில் கம்பி முடிச்சுகளைப் பார்த்தார், பிறகு இறக்கை அடியில் வழிந்திருந்த விளக்கெண்ணெயைத் துணியால் துடைத்தார். எலிவேட்டர் கொம்பில் மூன்று ஓட்டைகள் போட்டிருந்தோம். ஸ்போக்கை வெளி ஓட்டையில் மாட்டினால் விமானம் மந்தமாகத் திரும்பும், உள்ளே வர வரத் துடிப்பு கூடும். அதுவரை வெளி ஓட்டையில்தான் இருந்தது. மாமா குறடை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நடு ஓட்டைக்கு மாத்துடா. உனக்கு அது போதும்."